மீளும் மின்கலமும் மீளா மின்கலமும்

கடைத்தட்டில் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும் இரு மின்கலங்களை நோக்குவோருக்கு அவற்றிடையே உள்ள வேற்றுமை எளிதில் புலப்படுவதில்லை. நீளமும் பருமனும் ஒன்றே. ஒரு முனையில் சிறு குமிழும் மறுமுனையில் தட்டையான அடியும் இரண்டிற்கும் உண்டு. வானொலிப்பெட்டியில் இட்டால் இரண்டுமே அதனை இயக்குகின்றன. எனினும், ஒன்று தன் ஆற்றலை ஒருமுறை வழங்கியதும் பயனற்றதாகிவிடுகிறது. மற்றது நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றப்பட்டு மீண்டும் மீண்டும் உழைக்கின்றது. முன்னதை முதற்கலம் என்றும், பின்னதைத் துணைக்கலம் அல்லது சேமிப்புக்கலம் என்றும் விஞ்ஞானிகள் வழங்குவர்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? தீர்ந்துபோன முதற்கலத்தையும் மின்னேற்றியில் மாட்டினால் அது நிரம்பாதா? செலவைக் குறைக்க விரும்பும் எவருக்கும் எழக்கூடிய கேள்வியே இது. ஆனால், விடையறியாது செய்யும் முயற்சி சில வேளைகளிற் கலம் வெடிப்பதிலும், கண்ணுக்கும் கைக்கும் ஊறு விளைவதிலும் போய் முடிகின்றது. ஆதலின், கலத்தினுள்ளே நிகழ்வது இன்னதென அறிந்து வைத்திருத்தல் யாவர்க்கும் பயன்தரும்.

மின்கலத்தைப் பற்றிப் பரவலாக நிலவும் ஓர் எண்ணத்தை முதலிலே திருத்திக்கொள்ளுதல் நன்று. குடத்திலே நீர் நிரம்பியிருப்பதுபோலக் கலத்தினுள்ளே மின்சாரம் நிரம்பியிருக்கிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. கலத்தினுள் இருப்பவை இருவகைப் பொருள்களும், அவற்றிடையே அமைந்த ஒரு கரைசலோ பசையோ ஆகும். அப்பொருள்களுள் ஒன்று இலத்திரன்களை எளிதில் இழக்கும் இயல்புடையது. மற்றது அவற்றை ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. வெளியே ஒரு கம்பியால் இரண்டையும் இணைத்தவுடன், இழக்கும் பொருளிலிருந்து ஏற்கும் பொருளை நோக்கி இலத்திரன்கள் கம்பி வழியே பாய்கின்றன. இப்பாய்ச்சலே மின்னோட்டம். உள்ளேயுள்ள கரைசலில், ஏற்றம் பெற்ற அணுக்களாகிய அயன்கள் நகர்ந்து சுற்றினைப் பூர்த்தி செய்கின்றன. ஆகவே, கலத்தில் அடங்கியிருப்பது இரசாயன ஆற்றலேயாகும். அப்பொருள்கள் மாறுந்தோறும் அவ்வாற்றல் மின்னாற்றலாக வெளிப்படுகின்றது. மாறத்தக்க பொருள் தீர்ந்ததும் மின்னோட்டமும் நின்றுவிடுகிறது.

இவ்வுண்மையின் அடிப்படையில் முதன்முதலாகத் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றவர் இத்தாலி நாட்டவரான அலெசாந்துரோ வோல்ற்றா என்பவர். நாகத்தட்டும் வெள்ளித்தட்டும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்த்த அட்டைத் துண்டுகளை வைத்து அவர் ஓர் அடுக்கினை ஆக்கினார். 1800ஆம் ஆண்டில் அதனைக் குறித்து இலண்டன் அரச கழகத்திற்குக் கடிதம் எழுதினார். அவர் பெயரே மின்னழுத்தத்தின் அலகாகிய உவோற்று என்பதில் இன்றும் நிலைத்திருக்கின்றது. கலங்கள் பல சேர்ந்த தொகுதியை மின்கல அடுக்கு என்று தமிழில் வழங்குவதும் இவ்வமைப்புக்கு மிகப் பொருத்தமானதே. நாளடைவில், தனிக்கலம், அடுக்கு ஆகிய இரண்டையுமே பற்றரி என்று மக்கள் அழைக்கலாயினர்.

அங்காடிகளில் நெடுங்காலமாக விற்பனையாகும் உலர்கலம், 1866இல் ஜோர்ஜ் லெக்லாஞ்சே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்த கலத்தின் வழிவந்தது. அவர் கலத்தில் நவச்சாரக் கரைசல் கண்ணாடிச் சாடியொன்றில் நிறைக்கப்பட்டிருந்தது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் அதே நவச்சாரந்தான் அது. அமோனியங்குளோரைட்டு என்பது அதன் இரசாயனப் பெயர். சாடி கவிழ்ந்தாற் கரைசல் சிந்திவிடும். ஜேர்மனியரான கால் காஸ்னர் 1886இல் அக்கரைசலைப் பசையாக்கி, நாகத்தினாற் செய்த குவளையிலே அடைத்து, எப்பக்கமும் கவிழ்க்கத்தக்க உலர்கலத்தை ஆக்கினார். பெயர் உலர்கலமாயினும் அதனுள்ளே ஈரம் உண்டு. ஈரம் முற்றும் வற்றினாற் கலம் இயங்காது.

அக்கலத்தை அறுத்துப் பார்த்தால் நடுவே கரிக்கோல் ஒன்று தோன்றும். அதனைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டும் கரித்தூளும் கலந்த கரிய கலவை உண்டு. அதற்கு வெளியே பசை. பசைக்கு வெளியே நாகக்குவளை. இலத்திரன்களை இழக்கும் பொருள் அந்த நாகக்குவளையே. அது மறைமுனை எனப்படும். ஏற்கும் பொருள் மங்கனீசீரொட்சைட்டு. கரிக்கோல் அதற்கு இலத்திரன்களைக் கொண்டுசெல்லும் வழியாகும். இதுவே நேர்முனை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 1.5 உவோற்று அழுத்தம் உண்டாகின்றது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பொருள்களைத் தாங்கிநிற்கும் பாத்திரமே இக்கலத்தில் எரிபொருளும் ஆகின்றது. விளக்கு ஒளிர ஒளிர, வானொலி பாடப்பாட, நாகம் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டுப் பசையிலே கரைகின்றது. சுவர் மெலிந்து ஈற்றில் ஓட்டை விழுந்தால், உள்ளிருக்கும் நீர்மம் கசிந்து கருவியின் உலோகத்தகடுகளை அரித்துவிடுகிறது. தீர்ந்துபோன கலங்களை மாதக்கணக்கில் கருவியினுள்ளே மறந்துவிட்டோர், பின்னர் மூடியைத் திறக்கும்போது காணும் வெண்படிவும் துருவும் இதனால் விளைந்தவையே.

கரைந்த நாகத்தை மீட்டெடுத்து முன்போலக் குவளையாக்க இயலுமா? வெளியிலிருந்து மின்னோட்டத்தை எதிர்த்திசையிற் செலுத்தினால் நாகத்தின் ஒரு பகுதி மீண்டும் உலோகமாகப் படியக்கூடும். ஆனால், அது விட்டுச்சென்ற இடத்திலே, விட்டுச்சென்ற வடிவிலே சென்று அமர்வதில்லை. ஓரிடத்தில் மேடாகவும், ஓரிடத்தில் ஊசிபோலவும் வளர்கின்றது. மழையிற் கரைந்த மண்சுவரை இதற்கு உவமையாகக் கூறலாம். மண் எங்கும் போய்விடவில்லை, முற்றத்திலேதான் கிடக்கின்றது. எனினும், மண் கிடப்பதனாற் சுவர் தானாக எழுந்து நிற்பதில்லை. மேலும், மங்கனீசுக் கலவையில் ஏற்பட்ட மாற்றமும் முழுதாக மீள்வதில்லை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. மீளாத பொருள்மீது செலுத்தப்படும் மின்னாற்றல் வேறு வேலைகளைச் செய்கின்றது. கலத்தை அது சூடாக்குகின்றது. உள்ளேயிருக்கும் நீரைப் பிரித்து வாயுவை உண்டாக்குகின்றது. கலமோ இறுக மூடப்பட்டது. வாயுவின் அழுத்தம் மிகும்போது மூடி பிளந்து, உள்ளிருக்கும் பொருள் சிதறுகின்றது. 1959ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த காரக்கலங்கள் பழைய உலர்கலத்தினும் நெடுநேரம் உழைப்பவை. அவற்றிலும் நாகமும் மங்கனீசீரொட்சைட்டுமே உண்டு. ஆனால் நவச்சாரத்திற்குப் பதிலாகக் கடுங்காரமாகிய பொற்றாசியமைதரொட்சைட்டு நிரப்பப்பட்டிருக்கின்றது. அது கண்ணிற்பட்டாற் பார்வைக்கே கேடு விளையலாம். மின்னேற்றத்தக்கது என்று உறையிலே குறிக்கப்படாத எக்கலத்தையும் மின்னேற்றியில் இடலாகாது என்பதன் காரணம் இதுவே.

இனி, மீளும் கலத்தை நோக்குவோம். அதன் வரலாறு உலர்கலத்திற்கும் முற்பட்டது. 1859இல் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஈயத்தகடுகள் இரண்டை ஒன்றையொன்று தொடாவண்ணம் சுருட்டி, நீர் கலந்த சல்பூரிக் அமிலத்தில் அமிழ்த்தினார். மின்னோட்டத்தை ஒரு திசையிற் செலுத்திப் பின்னர் நிறுத்தியபோது, அத்தகடுகள் தாமே மின்னோட்டத்தைத் திருப்பித் தரலாயின. மோட்டார் வாகனங்களில் இன்றும் பெரும்பாலும் காணப்படும் பற்றரி இவர் அமைத்த கலத்தின் திருந்திய வடிவமேயாகும்.

மின்னேற்றம் பெற்ற நிலையில் அதன் மறைத்தகட்டிலே தூய ஈயமும், நேர்த்தகட்டிலே ஈயவீரொட்சைட்டும் உள்ளன. மின்னோட்டத்தைத் தருங்கால் இரண்டுமே அமிலத்தோடு கூடி ஈயச்சல்பேற்று என்னும் ஒரே பொருளாக மாறுகின்றன. அமிலம் குறைந்து நீர் மிகுகின்றது. இதனாலேயே பற்றரி வேலைசெய்வோர் மிதவைக் கருவியொன்றினால் அமிலத்தின் அடர்த்தியை அளந்து, கலம் எவ்வளவு நிரம்பியுள்ளது எனக் கூறுகின்றனர். நிரம்பிய கலத்தின் அமிலம் நீரைப்போல ஏறத்தாழ 1.26 மடங்கு அடர்த்தியுடையது. வெறுமையானதன் அடர்த்தி 1.1 மடங்கிற்கு அண்மையில் இறங்கிவிடுகிறது.

நாகக்கலத்திற்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இங்கேதான் இருக்கின்றது. ஈயச்சல்பேற்று அமிலத்தில் எளிதிற் கரைவதில்லை. ஆகவே, தோன்றிய இடத்தை விட்டு அது அகலாது. தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. எதிர்த்திசையில் மின்னோட்டம் வரும்போது, மறைத்தகட்டில் உள்ளது அங்கேயே ஈயமாகவும், நேர்த்தகட்டில் உள்ளது அங்கேயே ஈயவீரொட்சைட்டாகவும் மாறுகின்றது. நாகக்கலத்தில் மண்சுவர் கரைந்து ஓடிற்று. இங்கோ சுவரின் கற்கள் நின்ற இடத்திலேயே நிறம் மாறி, மீண்டும் பழைய நிறத்தை அடைகின்றன. மாறிய பொருள் தன் இடத்திலேயே தங்கி, வந்த வழியே திரும்பக்கூடியதாயிருத்தலே மீளும் கலங்களுக்குரிய இலக்கணம் எனலாம்.

ஆயினும், இத்திரும்புதல் எக்காலத்தும் முழுமையாக நிகழ்வதன்று. வெறுமையான ஈயக்கலத்தை மின்னேற்றாது வாரக்கணக்கில் விட்டுவைத்தால், நுண்ணிய சல்பேற்றுத் துகள்கள் ஒன்றுகூடிப் பெரிய கடினமான பளிங்குகளாகிவிடுகின்றன. அவை எளிதில் மீள்வதில்லை. பயன்படுத்தாது நிறுத்திவைத்த வாகனத்தின் பற்றரி கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், ஒவ்வொரு மீள்விலும் தகட்டுப் பொருள் சிறிது உதிர்கின்றது. ஆதலின், மீளும் கலத்திற்கும் ஆயுள் உண்டு. அது நீண்டதேயன்றி முடிவற்றதன்று.

வானொலி நேயர்களுக்கு இவ்விருவகைக் கலங்களும் நெடுநாள் உறவுடையவை. திரான்சிஸ்டர் வருமுன் மின்னிணைப்பு எட்டாத ஊர்களில் வால்வு வானொலிகள் உலர்கல அடுக்குகளால் இயங்கின. 90 உவோற்று அழுத்தம் தரும் ஓர் அடுக்கிற்கு 1.5 உவோற்றுக் கலங்கள் 60 வேண்டியிருந்தன. பிற்காலத்தில், இலங்கையின் கிராமங்கள் பலவற்றில் வாகனப் பற்றரியைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்தனர். அது தீர்ந்ததும் மிதிவண்டியில் ஏற்றிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுசென்று மின்னேற்றி வந்தனர். 1990களின் முற்பகுதியில், போரின் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்விநியோகம் நின்றிருந்தது. உலர்கலங்களை அங்கு கொண்டுசெல்வதும் தடைசெய்யப்பட்டிருந்தது. செய்தி கேட்க விரும்பியோர் மிதிவண்டியை நிறுத்தி, அதன் தைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கினர். மிதிப்பது நின்றால் வானொலியும் நின்றது. ஆற்றலை ஆக்குவது ஒன்று, அதனைச் சேமித்து வைப்பது வேறொன்று என்பதை அக்காலத்து மக்கள் அனுபவத்தால் அறிந்துகொண்டனர். தைனமோவினாற் பழைய உலர்கலத்தை நிரப்ப இயலாது. சேமிப்புக்கலம் இருந்தாலன்றி மிதித்த உழைப்பை இரவுக்கென எடுத்துவைக்க வழியில்லை.

ஈயக்கலம் வலியது, வாகனத்தின் எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை வழங்க வல்லது. ஆனால் மிகுந்த பாரமுடையது. சட்டைப்பையில் வைக்கத்தக்க மீளும் கலத்தைத் தேடும் முயற்சி தொடர்ந்து நடைபெற்றது. 1899இல் சுவீடன் நாட்டு வல்டமர் யுங்னர் நிக்கல், கட்மியம் ஆகியவற்றைக் கொண்ட கலத்தை ஆக்கினார். கட்மியம் நச்சுத்தன்மை உடையதாதலின், 1980களின் இறுதியிலிருந்து நிக்கலுடன் ஐதரசனைத் தேக்கும் கலப்புலோகத்தைச் சேர்த்த கலங்கள் அதன் இடத்தைப் பெறலாயின. கடைகளில் உலர்கலத்தின் வடிவிலே கிடைக்கும் மின்னேற்றத்தக்க கலங்களுட் பெரும்பாலானவை இவ்வகையினவே.

கைத்தொலைபேசியில் இருப்பதோ இலிதியமயன் கலம். 1991இல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்காம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலத்தின் இரு மின்வாய்களும் அடுக்கடுக்கான படைகளைக் கொண்டவை. இலிதிய அயன்கள் ஒரு மின்வாயின் படைகளினிடையே புகுந்து தங்குகின்றன. பின்னர் அங்கிருந்து வெளியேறி மற்றதன் படைகளினிடையே தங்குகின்றன. வீடு இடிவதில்லை, குடியிருப்போர் மட்டும் இரு வீடுகளுக்கிடையே போய்வருகின்றனர். ஆதலால் நூற்றுக்கணக்கான முறை அது மீளக்கூடியதாயிருக்கின்றது. ஆனால் இலிதியம் என்ற பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. மணிக்கூடுகளிலும் பொம்மைகளிலும் இடப்படும் நாணயவடிவ இலிதியக் கலங்கள் பெரும்பாலும் மீளாத முதற்கலங்களே.

மீளும் கலம் இத்துணை நன்மை உடையதாயின், மீளாக் கலம் ஏன் இன்னும் வழக்கில் உள்ளது? எக்கலமும் சும்மா இருக்கும்போதும் மெல்ல மெல்ல ஆற்றலை இழக்கின்றது. காரக்கலம் இவ்விழப்பு மிகக் குறைந்தது. பல்லாண்டுகள் பெட்டியிற் கிடந்தாலும் பெரும்பகுதியைக் காத்து வைத்திருக்கும். நிக்கல்வகைக் கலங்களுட் பழையவை சில மாதங்களிலேயே பெரும்பகுதியை இழந்துவிடுவன. 2005ஆம் ஆண்டிற்குப் பின் வந்த புதியவகை அவற்றினும் மேலானது. ஆகவே, வருடக்கணக்கில் சிறிதளவு மின்னோட்டத்தை மட்டும் வேண்டும் சுவர்க்கடிகாரத்திற்கும், வெள்ளம் புயற் காலங்களுக்கென ஒதுக்கிவைக்கும் ரோச் எனப்படும் மின்சூளுக்கும் முதற்கலமே ஏற்றது. நாள்தோறும் பல மணிநேரம் இயங்கும் வானொலிக்கும், அடிக்கடி கலம் மாற்றவேண்டிய பொம்மைகளுக்கும் மீளும் கலமே சிக்கனமானது. கலத்தோடு மின்னேற்றியும் வாங்கவேண்டியிருப்பதால் முதற்செலவு மிகுதியாயினும், மாதந்தோறும் கலம் வாங்கும் வீட்டில் அச்செலவு விரைவில் ஈடாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கலம் மாற்றுவோருக்கு அவ்வளவு இலாபமில்லை.

உறையில் காணும் எண்களும் தேர்வுக்கு உதவுவன. 2000 மில்லியம்பியர்மணி என்று எழுதப்பட்டிருப்பின், 200 மில்லியம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 10 மணிநேரம் வழங்கும் என்பது பொருள். நிக்கல்வகைக் கலத்தின் அழுத்தம் 1.5 உவோற்று அன்று, 1.2 உவோற்றே. ஆயினும், காரக்கலத்தின் அழுத்தம் பயன்பாட்டின்போது படிப்படியாகக் குறைந்துகொண்டே செல்ல, நிக்கல்வகை தன் 1.2 உவோற்றை நெடுநேரம் பேணுகின்றது. இதனாற் பெரும்பாலான கருவிகள் இரண்டையும் ஏற்கும்.

பாதுகாப்பிற்குரிய விதிகள் சிலவே. பழைய கலத்தையும் புதியதையும், அல்லது மீளுவதையும் மீளாததையும் ஒரே கருவியிற் கலந்து இடலாகாது. வலிய கலங்கள் மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருக்க, முதலில் தீர்ந்த கலம் எதிர்த்திசையில் ஏற்றப்பட்டுக் கசிவுறும். ஈயப்பற்றரியை மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின், காற்றோட்டமுள்ள இடத்திலே வைத்து, அருகில் விளக்கோ சிகரெட்டோ நெருங்காது காத்தல் வேண்டும். குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுதல் வேண்டும். உப்பிப் பருத்த இலிதியமயன் கலத்தை மேலும் மின்னேற்றவோ குத்தவோ கூடாது, அது தீப்பற்றும். எக்கலத்தையும் நெருப்பில் இடலாகாது. பழைய பற்றரியை உடைத்து வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்குதல், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சினை மண்ணிற் கலப்பதாகும். அவ்வீயம் ஆலைகளில் முறைப்படி மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்தத்தக்க பொருள். ஆகவே பழையதை விற்பனையாளரிடம் ஒப்படைப்பதே தக்கது.

தாய்மார்கள் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியது நாணயவடிவக் கலத்தைப் பற்றியதாகும். 2032 என்னும் எண் பொறித்த கலம் 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. சிறு குழந்தை அதனை விழுங்கினால் உணவுக்குழாயிற் சிக்கக்கூடும். அங்குள்ள ஈரமே சுற்றினைப் பூர்த்திசெய்ய, மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணிநேரத்திற்குள்ளேயே தசையை எரித்துவிடுகின்றது. கருவியை இயக்க வலுவற்றதென்று எறியப்பட்ட கலமும் இவ்வூறு செய்ய வல்லது. வாந்தியெடுக்கச் செய்யாது, வலி தோன்றும்வரை காத்திராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். திருகாணியில்லாத மூடியுடைய பொம்மைகளைக் குழந்தைகளுக்குக் கொடாதிருத்தலும், தீர்ந்த கலங்களை ஒட்டுநாடாவாற் சுற்றி எட்டாத இடத்தில் வைத்தலும் எளிய காப்புக்கள்.

மீளாக் கலத்திற் பொருள் தன் இடத்தையும் வடிவத்தையும் இழந்துவிடுகின்றது. மீளும் கலத்தில் அது தன் இடத்திலேயே தங்கியோ, தங்குமிடம் சிதையாது போய்வந்தோ பழைய நிலையை அடைகின்றது. ஒன்றைப் பொறுமையாகக் காத்திருக்கும் வேலைக்கும், மற்றதை நாள்தோறும் உழைக்கும் வேலைக்கும் கொள்வோர் பணத்தையும் மிச்சப்படுத்துவர், இடரையும் தவிர்ப்பர். எந்தக் கலத்தையும் மின்னேற்றியிலே மாட்டுமுன், அதன் உறையில் உள்ள எழுத்துக்களை ஒருமுறை வாசித்தல் போதும்.